வயிறு நிறையும், எடை குறையும்

ஒரு கிராம் உணவுக்குள் எத்தனை கலோரி அடங்கியிருக்கிறதோ, அதுவே அந்த உணவின் கலோரி அடர்த்தி. நூறு கிராம் புடலங்காயில் 20 கலோரிகூடத் தேறாது. நூறு கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி, முறுக்கில் 500-க்கு மேல், நல்லெண்ணெயில் 900. எடையைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தட்டில் விழும் அளவை மட்டுமே சுருக்குகிறார்கள். நாலு நாள் பசியோடு மல்லுக்கட்டிவிட்டு ஐந்தாம் நாள் பழைய தட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். அடர்த்தி பார்த்துச் சாப்பிடுகிறவருக்கு அந்த அவதி குறைவு. தட்டில் உள்ள உணவின் எடை குறையாமலே, சில வேளை கூடியும்கூட, கலோரி மட்டும் இறங்கிவிடும்.

அடர்த்தியைத் தீர்மானிப்பவை முக்கியமாக இரண்டு: தண்ணீரும் கொழுப்பும். தண்ணீருக்குக் கலோரி கிடையாது. நார்ச்சத்துக்குக் கிராமுக்கு 2 கலோரி அளவுதான். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4, கொழுப்புக்கு 9. சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய், வெள்ளரி, முள்ளங்கி, தக்காளி ஆகியவற்றின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதனால் எவ்வளவு சாப்பிட்டாலும் கலோரி ஏறுவது மெதுவாகத்தான். எண்ணெயில் பொரிக்கும்போது நேர் எதிரானது நடக்கிறது. பண்டத்துக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியேற, அந்த இடத்தில் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்கில் நூறு கிராமுக்கு 90 கலோரிகூட இல்லை. அதுவே சிப்ஸ் ஆகும்போது 500-ஐத் தாண்டுவதற்கு இந்த இடமாற்றமே காரணம்.

வயிறு கலோரியை எண்ணுவதில்லை. உணவு இறங்க இறங்க இரைப்பையின் சுவர் விரிகிறது. அந்த விரிவை உணரும் நரம்பு முனைகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உணவு சிறுகுடலை எட்டியதும் பசியை அடக்கும் ஹார்மோன்கள் சுரக்கின்றன. அவற்றில் ஒன்றான ஜிஎல்பி-1 போலவே வேலை செய்பவைதான் இப்போது இந்தியாவிலும் விற்பனைக்கு வந்திருக்கும் எடைக் குறைப்பு ஊசிகள். நார்ச்சத்தும் புரதமும் உள்ள உணவு இரைப்பையிலிருந்து மெதுவாகவே கீழிறங்குவதால் நிறைவு நெடுநேரம் நிற்கிறது. ஒருவர் நாளுக்கு நாள் சாப்பிடும் உணவின் எடை ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் இருக்கிறது, உள்ளே போகும் கலோரி அந்த உணவின் அடர்த்திக்கேற்ப ஏறி இறங்குகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தத் துறையில் அதிகம் உழைத்தவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்பரா ரோல்ஸ். 1999-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு எளிமையானது. மதிய உணவுக்கு முன்னால் பெண்களுக்கு ஒரு நாள் கோழியும் அரிசியும் காய்களும் சேர்த்து வேகவைத்த ஒரு பதார்த்தம் தரப்பட்டது. இன்னொரு நாள் அதே பதார்த்தத்தோடு ஒரு டம்ளர் தண்ணீர். வேறொரு நாள் அந்தத் தண்ணீரையே உள்ளே ஊற்றிக் காய்ச்சிய சூப். பொருளும் கலோரியும் மூன்று நாளும் ஒன்றே. தண்ணீரைத் தனியாகக் குடித்த நாளில் எந்த மாற்றமும் இல்லை. சூப் சாப்பிட்ட நாளில் மட்டும், அதன் பிறகு வந்த மதிய உணவில் அவர்கள் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். தண்ணீர் உணவோடு கலந்து வெந்திருந்தால்தான் வயிற்றில் தங்குகிறது.

இந்த முடிவைக் காஞ்சிபுரம் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது கேழ்வரகுக் கூழ். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றப்படும் கூழ், முசரவாக்கம் போன்ற சுற்று வட்டாரக் கிராமங்களில் ஒரு காலத்தில் அன்றாடக் காலை உணவு. முதல் நாள் கரைத்துப் புளிக்கவைத்த மாவை, நொய்யரிசி வெந்துகொண்டிருக்கும் பானையில் ஊற்றிக் கிளறி, ஆறியதும் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிராம் மாவுக்கு 160 கலோரி, 15 கிராம் நொய்க்கு 50, மோருக்கு 20. மொத்தம் 230. இது அரை லிட்டர் செம்பு நிறைய வரும். நூறு கிராமுக்கு 50 கலோரிக்கும் கீழே.

அதே 50 கிராம் மாவை எண்ணெய் விட்டு அடையாகத் தட்டினாலோ, வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் புட்டாக அவித்தாலோ கலோரி இதைவிடக் கூடும், வயிற்றில் அடைக்கும் இடமோ செம்பில் பாதிகூட இராது. மாவு ஒன்றுதான், தண்ணீர்தான் வித்தியாசம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மாவாக அரைத்துக் குழைய வேகவைத்த கேழ்வரகு, ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியது. சர்க்கரை நோயுள்ளவர்கள் 'சிறுதானியம்தானே' என்று செம்பு செம்பாகக் குடிக்கக் கூடாது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள வறுத்த மோர்மிளகாயை விட முருங்கைக்கீரைப் பொரியல் நல்லது. மோர்மிளகாயில் உப்பும் எண்ணெயும் அதிகம்.

ஒருவருக்கு எவ்வளவு கலோரி தேவை என்பது அவர் செய்யும் வேலையைப் பொறுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தொழில்களை மூன்றாகப் பிரிக்கிறது. குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதித்து, கையால் நாடா தள்ளி நெய்யும் நெசவாளர் நடுத்தர உழைப்பாளிகள் பட்டியலில் வருகிறார். கோயில் அர்ச்சகர், தையற்காரர், ஆசிரியர் ஆகியோர் உட்கார்ந்து வேலை செய்வோர் பட்டியலில். 2020-ஆம் ஆண்டு வெளியான கணக்குப்படி நடுத்தர உழைப்புள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 2,710 கலோரி தேவை, உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 2,110. பெண்களுக்கு இது முறையே 2,130, 1,660.

கோயிலும் தறியும் சேர்ந்தே வளர்ந்த காஞ்சிபுரத்தில் இந்த 600 கலோரி வித்தியாசத்துக்கு ஆழமான பொருள் உண்டு. தறியை விட்டுவிட்டுப் பட்டுச் சேலைக் கடைக் கவுண்டருக்கோ, கம்பெனி பஸ் ஏறித் தொழிற்சாலை அலுவலகத்துக்கோ போகும் நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் உடலுக்குத் தேவையான கலோரி குறைகிறது. வீட்டில் பரிமாறும் கரண்டி மட்டும் அப்பா காலத்துக் கரண்டியாகவே இருக்கிறது. இதைப் பெருந்தீனி என்று சொல்வது அநியாயம். உழைப்பு மாறிய வேகத்துக்குச் சோற்றுப் பழக்கம் மாறவில்லை, அவ்வளவே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் உடல் எடைக் குறியீடு 25-ஐத் தொட்டவர்களாகவோ தாண்டியவர்களாகவோ இருந்தார்கள்.

ஒரே மாவு இரண்டு விதமாக மாறுவதைக் காலைத் தட்டிலும் காணலாம். இரண்டு இட்லி சுமார் 90 கிராம், 120 கலோரி. அதே அளவு மாவை முறுகலாகத் தோசை வார்த்து இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டால், தண்ணீர் வற்றி எடை குறைந்து, கலோரி 210 ஆகிவிடுகிறது. இட்லியைக் காய் நிறையப் போட்ட சாம்பாரில் மூழ்கவைத்தால் பருப்பின் புரதமும் காயின் நாரும் சேர்ந்து மதியம்வரை தாங்கும். தேங்காய்ச் சட்னிக்கும் பொடி எண்ணெய்க்கும் அந்தத் தாங்கும் சக்தி கிடையாது, கலோரி மட்டும் அதிகம்.

ஊர்ப் பெயரைத் தாங்கிய காஞ்சிபுரம் இட்லியைச் சாதாரண இட்லியோடு சேர்த்து எண்ணக் கூடாது. வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாகும் இந்த இட்லி, அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, நெய்யும் நல்லெண்ணெயும் கலந்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகவைப்பது. மாவில் சேரும் ஒவ்வொரு மேசைக்கரண்டி நெய்க்கும் 120 கலோரிக்கு மேல் கூடுகிறது. நாள்பட இருக்கவும் மணக்கவும் அந்த நெய் வேண்டியதுதான். பிரசாதத்தைப் பிரசாத அளவில் ஒரு துண்டு எடுத்துக்கொள்வதால் யாருக்கும் எடை ஏறாது. ஓட்டலில் இரண்டு முழு இட்லியாக வாங்கி நெய் ஊற்றிச் சாப்பிடும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அடர்த்தி குறைந்த பண்டமும் கோயில் வழக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீராமநவமிக்குத் தரும் கோசுமல்லி, ஊறவைத்த பயத்தம்பருப்பும் நறுக்கிய வெள்ளரிக்காயும் எலுமிச்சைச் சாறும் கலந்தது. தண்ணீர், நார், புரதம் மூன்றும் ஒரே தொன்னையில் கிடைக்கிறது. எண்ணெய் தாளிப்புக்கு மட்டும். இதை வருஷத்தில் ஒரு நாள் என்று வைக்காமல் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் சாப்பிடலாம். ரோல்ஸ் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புக் குறைந்த பச்சைக்காய்க் கலவையைப் பெரிய தட்டு நிறைய முதலில் சாப்பிட்டவர்கள் அந்த வேளை மொத்தத்தில் 12 சதவீதம் கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். கலவையின் கலோரியையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

மதியச் சாப்பாட்டில்தான் மாற்றத்துக்கு இடம் அதிகம். வழக்கமான ஒரு தட்டு: சோறு 400 கிராம் (520 கலோரி), சாம்பார் 150 கிராம் (100), உருளைக்கிழங்கு வறுவல் 100 கிராம் (150), பொரித்த அப்பளம் (60), தயிர் 100 கிராம் (60). எடை முக்கால் கிலோ, கலோரி 890. இதையே இப்படி மாற்றலாம்: சோறு 200 கிராம் (260), அதே சாம்பார் (100), பயத்தம்பருப்புப் போட்ட புடலங்காய்க் கூட்டு 200 கிராம் (130), கீரை மசியல் 100 கிராம் (60), வெள்ளரிக்காய்ப் பச்சடி 100 கிராம் (40), ரசம் 150 மில்லி (30), மோர் 150 மில்லி (30). எடை ஒரு கிலோவைத் தாண்டுகிறது, கலோரி 650-க்கு வந்துவிடுகிறது. எல்லாம் தோராயக் கணக்குதான், வீட்டுக்கு வீடு மாறும். ஆனாலும் ஒரு வேளையில் மட்டும் 240 கலோரி குறைந்திருக்கிறது, சாப்பிட்டு எழுந்தவர் அரை வயிற்றோடு எழவில்லை.

கூட்டில் தேங்காய் கொட்டினாலோ கீரையைத் தாராளமாக எண்ணெய் விட்டு வதக்கினாலோ இந்தக் கணக்கு அடிபட்டுப்போகும். தேங்காயில் நூறு கிராமுக்கு 400 கலோரி வரை உண்டு. கத்தரிக்காய் எண்ணெயை உறிஞ்சும். அதை வதக்குவதைவிடச் சுட்டு மசிக்கலாம், கொத்சுவில் வேகவைக்கலாம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் எண்ணெயும் நெய்யும் சேர்த்து நாளுக்கு 27 கிராம் போதும் என்கிறது. காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும் என்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். ஆளுக்கு 27 கிராம் என்றால் நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர்தான் ஆகவேண்டும். வெளியில் வாங்கித் தின்னும் வடை, பஜ்ஜியின் எண்ணெயும் இதற்குள் அடங்க வேண்டும்.

எடைக் குறைப்பு என்றதும் தமிழ்க் குடும்பங்களில் முதலில் நடப்பது, இரவுச் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுவது. நூறு கிராம் சோற்றில் பெரும்பகுதி தண்ணீர். சப்பாத்தியில் தண்ணீர் குறைவு, அதனால் நூறு கிராமுக்குச் சுமார் 300 கலோரி. எண்ணெய் தடவிய மூன்று சப்பாத்தியின் 360 கலோரி, 275 கிராம் சோற்றுக்குச் சமம். முழுக் கோதுமையில் நார் கூடுதல் என்பது உண்மை. இரண்டோடு நிறுத்தி ஒரு கிண்ணம் காய்க்குருமா சேர்த்தால் பலன் உண்டு. சப்பாத்தி என்பதற்காகவே எடை குறையாது. சிறுதானியத்துக்கும் இதே நியாயம்தான். தினை, சாமை, கேழ்வரகு எல்லாமே பச்சையாக நூறு கிராமுக்கு 300-க்கு மேல்தான், அரிசிக்கு அருகிலேயே நிற்கின்றன. நாரும் தாதுக்களும் கூடுதல் என்பதற்காகச் சாப்பிடலாம், கலோரி குறைவு என்று நினைத்து இரண்டு மடங்கு சாப்பிடக் கூடாது.

கூழ், சூப் நீங்கலாக, குடிக்கும் பொருள்களுக்கு இந்த அளவுகோல் பொருந்துவதில்லை. குளிர்பானம், பழச்சாறு, பானகம் எல்லாவற்றிலும் தண்ணீரே அதிகம் என்பதால் அடர்த்தி குறைவாகத் தெரியும். ஆனால் அவை மெல்லாமல் விழுங்கப்பட்டு வயிற்றை விட்டு விரைவாக வெளியேறிவிடுகின்றன. அவற்றின் கலோரியை ஈடுகட்ட அடுத்த வேளை பசி குறைவதும் இல்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் அடர்த்தியைக் கணக்கிடும்போது பெரும்பாலும் பானங்களை ஒதுக்கிவிடுகிறார்கள். தறிக்கும் கடைக்கும் வந்துபோகும் டீயை எடுத்துக்கொள்ளலாம். பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு கிளாஸ் சுமார் 80 கலோரி. நாளுக்கு ஐந்து என்றால் 400. வைகாசி கருட சேவையின்போது தண்ணீர்ப் பந்தல்களில் ஊற்றும் நீர்மோர்தான் வெயிலுக்கும் எடைக்கும் ஏற்றது.

கொறிக்கும் பண்டங்களில் சுண்டல்தான் முதல். நவராத்திரிக்குச் செய்யும் வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமுக்குச் சுமார் 160 கலோரி. அடர்த்தி நடுத்தரம்தான், ஆனால் புரதமும் நாரும் நிறைந்தது. மிக்சர் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். சிட்னி பல்கலைக்கழகத்தின் சுசான்னா ஹோல்ட் 1995-இல் 38 உணவுகளை ஒரே அளவு கலோரிக்குக் கொடுத்து, எது நெடுநேரம் வயிறு தாங்குகிறது என்று அளந்தார். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடம் பிடித்தது. வெண்ணெய் ஏறிய குவாசான் ரொட்டி 47-தான். கிழங்கு என்றாலே எடை போடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல பதில். குறை கிழங்கில் இல்லை, வறுக்கும் எண்ணெயில்.

பாக்கெட் உணவு எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2019-இல் காட்டினார். 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் கொடுத்து, விருப்பம்போல் சாப்பிடச் சொன்னார். ஆலை உணவின்போது அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டு 0.9 கிலோ கூடினார்கள். எளிய உணவின்போது அதே அளவு குறைந்தார்கள். ஆலை உணவு மெத்தென்று, சீக்கிரம் விழுங்கும்படி, அடர்த்தியாக இருக்கிறது.

இவ்வளவு நல்ல வழி ஏன் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்றும் பார்க்க வேண்டும். ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு ரூபாய்க்கு எத்தனை கலோரி என்று பார்த்தால் காய்கறியும் பழமும் எப்போதுமே விலை கூடியவை. பணத்தோடு நேரமும் வேண்டும். நெசவாளர் வீட்டுப் பெண்கள் சமையலோடு தார் சுற்றவும் பாவு வேலைக்கும் கை கொடுக்கிறார்கள். கீரை ஆய்ந்து, பூசணி நறுக்கி, கூட்டும் பச்சடியும் தனித்தனியாகச் செய்ய அரைமணி கூடுதலாகத் தேவை. அந்த அரைமணியை வீட்டு ஆண்கள் அரிவாள்மணை பிடித்துக் கொடுத்தால் ஒழிய மருத்துவரின் சீட்டு சீட்டாகவே கிடக்கும். காஞ்சி ராஜாஜி மார்க்கெட்டில் பீன்ஸ், காலிபிளவரை விடச் சுரை, பூசணி, முள்ளங்கி போன்ற நாட்டுக் காய்கள் பெரும்பாலும் மலிவு. அடர்த்தியிலும் அவையே குறைவு. கிராமத்தில் கொல்லைப் பந்தலில் ஒரு புடலைக்கொடியும் வேலியோரம் ஒரு முருங்கையும் இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

ரோல்ஸ் குழு 2007-இல் வெளியிட்ட ஓராண்டு ஆய்வில், கொழுப்பை மட்டும் குறைத்த பெண்கள் சராசரியாக 6.4 கிலோ குறைந்தார்கள். கொழுப்பைக் குறைத்ததோடு நீர்ச்சத்துள்ள காயும் பழமும் கூட்டிச் சாப்பிட்டவர்கள் 7.9 கிலோ குறைந்தார்கள், பசியும் குறைவு என்றார்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி உண்டு. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் தொடக்கத்தில் வாரம் அரை கிலோ இறங்கும். உடல் இளைக்க இளைக்க அதன் தேவையும் குறைவதால் சில மாதங்களில் வேகம் தணியும். அது தோல்வி இல்லை, உடலின் இயல்பு. புரதத்தை மட்டும் குறைக்கக் கூடாது. பருப்பு, முட்டை, மீன், தயிர் போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். வேர்க்கடலையும் அடர்த்தியானதுதான், அதற்காக ஒதுக்க வேண்டாம், ஒரு கைப்பிடி போதும்.

நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் போதுமான அளவு குடிக்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைப் பாதியாக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொள்ளாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரை, தக்காளி, இளநீர் ஆகியவற்றின் பொட்டாசியம் சிக்கல் தரும். வளரும் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், ஏற்கெனவே மெலிந்த முதியவர்களுக்கும் இந்த முறை உரியதல்ல. சிறிய வயிற்றுக்குள் நிறையச் சத்து போக வேண்டிய அவர்களுக்கு ஒரு கரண்டி நெய்யும் ஒரு கைப்பிடி கடலையும் தேவையானவை. நாள் முழுதும் தறியில் மிதிப்பவருக்கும், உடல் பருமன் இல்லாதவரை, சோற்றைக் குறைக்கக் காரணம் இல்லை. அவருக்குக் காயும் கீரையும் கூடினால் போதும்.